மூன்றாவது நிமிடத்து நாடி

"லேட்டா வந்தாலும் வந்தீங்களே சார், அதுவே போதும். அந்தப் பைய வச்சிட்டு இந்தக் கயிறப் பிடிங்க."

சாந்தினி அவனைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. பார்க்க எங்கே நேரம்? பாலோ என்ற சிற்றூரின் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் முப்பது பேரைத் திடலோரக் கூரையின் கீழ் உட்கார வைத்துவிட்டு, உடற்கல்விக்கு வருவதாகச் சொல்லப்பட்ட தற்காலிக ஆசிரியருக்காக அவள் கால் மணி நேரமாகக் காத்திருந்தாள். உயரமாக ஒருவன், கையில் காலணிப் பையோடு, பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கிறான் என்றால் அவன் வேறு யாராக இருக்க முடியும்?

"நானா?" என்றான் அவன்.

"பின்ன நானா? புடவையோட நான் ஸ்கிப்பிங் பண்ணினா இதுங்க பாடத்தையா பார்க்கும்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் பிள்ளைகளைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்... அந்தக் கண்களில் கொஞ்சம் குறும்பு இருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றை வாங்கிக்கொண்டான்.

வெண்பலகையில் சாந்தினி மூன்று வரி எழுதியிருந்தாள். நாம் வேண்டுமென்றே மாற்றுவது, கயிறு தாண்டும் நேரம்: அது தற்சார்பு மாறி. அதனால் தானாக மாறுவது, நாடித் துடிப்பு: அது சார்பு மாறி. மாறவே விடக்கூடாதவை, அதே ஆள், அதே கயிறு, அதே ஓய்வு: அவை கட்டுப்படுத்தப்பட்ட மாறி. தேர்வில் வருடா வருடம் பிள்ளைகள் இதில்தான் கோட்டை விடுவார்கள். அதனால் இந்த வருடம் கண்ணெதிரே செய்து காட்டிவிடுவது என்று முடிவு கட்டியிருந்தாள்.

ஒரு நிமிடம் தாண்டினான். முன்வரிசை மாணவன் ஒருவன் அவன் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினான். நூற்று நான்கு. ஓய்வு. இரண்டு நிமிடம். நூற்று இருபத்தெட்டு. ஓய்வு. மூன்றாவது முறை, மூன்று நிமிடம் முழுக்கத் தாண்டி முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எண்ண வேண்டியவனோ பக்கத்தில் இருந்தவனோடு சிரித்ததில் எண்ணிக்கையை விட்டுவிட்டான்.

"தள்ளு, நான் பார்க்கிறேன்," என்று சாந்தினியே கயிறு தாண்டியவனின் கையைப் பிடித்தாள்.

ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு. பிறகு ஒன்றுமில்லை. அவள் விரல்கள் காத்திருந்தன. ஐந்து, தாமதமாக வந்து ஒரு குத்துக் குத்தியது. மறுபடி சீராக ஓடியது, மறுபடி ஒன்று காணாமல் போனது. அந்தத் தாளம் அவளுக்குத் தெரியும்.

"நூத்திப் பதினேழு," என்றாள். குரல் அவளுடையது போலவே இல்லை.

"எப்படி டீச்சர்?" என்று ஒரு மாணவி எழுந்தாள். "மூணு நிமிஷத்துக்குக் கூடத்தானே வரணும்? கொறஞ்சிருக்கு. மொத ரெண்டு தடவ அவன் எண்ணினான், இப்ப நீங்க எண்றீங்க. எண்ற ஆளயும் மாத்தக் கூடாதில்ல? அப்புறம்... அவரு தற்காலிக சார் இல்ல டீச்சர். எங்க ரூபன் மாமா. நான் போட்டுக்க மறந்துட்டு வந்த விளையாட்டுச் சப்பாத்தைக் கொண்டாந்திருக்காரு."

கூரை இடிந்து விழுவதுபோல் சிரிப்பு எழுந்தது. வேறு எந்த நாளாக இருந்தாலும் சாந்தினி வெட்கத்தில் எங்காவது ஓடி ஒளிந்திருப்பாள். அன்று அவள் அவன் மணிக்கட்டை விடாமல் நின்றாள்.

அவளுக்குப் பத்து வயதில் ஒரு விளையாட்டு இருந்தது. அப்பா திருச்செல்வம் செம்பனை எண்ணெய் ஆலையில் லாரி ஓட்டினார். மாலையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நாடியை எண்ணுவாள். அது நடக்கும், நடக்கும், திடீரென்று ஒரு எட்டு வைக்க மறந்துவிடும். எல்லா அப்பாக்களுக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்து அவள் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வருடம் பள்ளி விளையாட்டுப் போட்டியில் பெற்றோர் ஓட்டத்தில் அப்பா முதலாவதாக வந்தார். கோட்டைத் தாண்டியதும் சிரித்துக்கொண்டே விழுந்தார். வேடிக்கைக்கு விழுகிறார் என்று எல்லாரும் கைதட்டினார்கள். சாந்தினியும் தட்டினாள்.

பதினெட்டு வருடமாகியும் அந்தக் கைதட்டல் அவள் காதை விட்டுப் போகவில்லை.

மணி அடித்ததும் மழை பிடித்துக்கொண்டது. சைக்கிள் கொட்டகையில் அவன் தன் மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் ஒதுங்கி நின்றிருந்தான். சாந்தினி குடைகூட எடுக்காமல் ஓடினாள்.

"மன்னிச்சிருங்க. உங்கள யாருன்னு தெரியாம..."

"பரவால்ல டீச்சர். ஆறு நிமிஷம் வாத்தியார் வேல பார்த்தாச்சு. என் பேரு ரூபேந்திரன். கெலாங் பாத்தால ரூம் எடுத்திருக்கேன். பாலத்தத் தாண்டி சிங்கப்பூர்ல கிரேன் ஓட்டறேன். அக்கா வீடுதான் இங்க."

கிரேன். அவ்வளவு உயரத்திலா?

"உங்க நாடி ஒழுங்கா இல்ல. நடுவுல விட்டுவிட்டு வருது. ஹாஸ்பிட்டல்ல போய்க் காட்டுங்க. இன்னைக்கே போங்க."

அவன் சிரித்தான். மழைச் சாரல் அவன் இமையில் தொங்கிக்கொண்டிருந்தது. "அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி டீச்சர். எண்ற ஆள மாத்திட்டீங்க. நீங்க வந்து கையப் பிடிச்சா அது எப்படி ஒழுங்கா ஓடும்?"

"விளையாடாதீங்க. எங்க அப்பாவுக்கு இப்படித்தான் இருந்துச்சு. நாப்பத்திரெண்டு வயசு."

சிரிப்பு நின்றது. அவன் தலைக்கவசத்தைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னும் ரெண்டு மாசத்துல கம்பெனி மெடிக்கல் இருக்கு," என்றான் கடைசியில். "இப்ப போயி ஏதாச்சும் எழுதிக் குடுத்தாங்கன்னா என்னய கீழ இறக்கிடுவாங்க. ஆறு வருஷம் கஷ்டப்பட்டு ஏறுன சீட்டு டீச்சர் அது. கீழ இறக்கிட்டா நான் யாரு?"

அவனை எப்படி அப்படியே விட்டுவிட முடியும்? சாந்தினி கையிலிருந்த சோதனைத் தாளைக் கிழித்துத் தன் எண்ணை எழுதிக் கொடுத்தாள். "தினமும் காலைல எந்திரிச்சதும் எண்ணுங்க. அப்புறம் மூணு மாடி ஏறி எண்ணுங்க. அதே நேரம், அதே படி, கோப்பி குடிக்கறதுக்கு முன்னாடி. எதையும் மாத்தாதீங்க. எனக்கு அனுப்புங்க."

"ஐயோ, அலமாக்! வீட்டுப்பாடமா?"

"ஆமா."

மழை விடாமலே அவன் கிளம்பிப் போனான். சாலையில் போகும் மோட்டாரை ஒரு பெண் இத்தனை நேரம் பார்த்துக்கொண்டு நிற்பது நல்லாயில்லை என்பது அவளுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

மறுநாள் காலை முதல் செய்தி வந்தது. *எழுபத்திரெண்டு. படி ஏறினதும் நூத்திரெண்டு. கோப்பி குடிக்கல. யாரையும் நினைக்கல.*

அதற்கு அடுத்த நாள்: *எழுபத்தி நாலு. நூத்தி நாலு. கொஞ்சம் நினைச்சிட்டேன். அது எந்த மாறி டீச்சர்?*

பதில் எழுதாமல் இருக்க எவ்வளவோ முயன்றாள். *கட்டுப்படுத்த வேண்டிய மாறி* என்று அனுப்பிவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். முகம் சுட்டது. கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை.

இப்படியே மூன்று வாரம். ஆறரைக்குச் செய்தி வரும். வருவதற்கு முந்தைய ஐந்து நிமிடம் அவள் உயிர் அவளிடம் இருக்காது. பல் துலக்கும்போதும் காது அறையிலேயே இருக்கும். பாலத்தில் லாரிகளுக்கு நடுவே அவன் மோட்டார், அதற்குப் பிறகு அந்த உயரம், அந்தக் கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஒரு எட்டு வைக்க மறக்கும் இதயம்... ஒரு நாள் செய்தி பதினோரு மணிக்குத்தான் வந்தது. அதுவரை அவள் மூன்று வகுப்பு எடுத்திருந்தாள். என்ன எடுத்தாள் என்று கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். *பேட்டரி போச்சு. எழுபத்தி மூணு. நூத்தி மூணு.*

அம்மா செல்லத்துக்குத் தெரியாமல் இருக்குமா? அம்மாக்களுக்குக் கைப்பேசியின் சத்தத்திலேயே ஆள் தெரிந்துவிடும்.

"யாரும்மா அது?" என்றார் சோறு பரிமாறிக்கொண்டே. சாந்தினி மறைக்காமல் சொன்னாள். நாடியையும் சொன்னாள்.

செல்லத்தின் கரண்டி அப்படியே நின்றது. "வேற ஆளே கெடைக்கலையா உனக்கு?" என்றார் மெதுவாக. "நான் முப்பத்தெட்டு வயசுல தாலியக் கழட்டி வச்சவ. அது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது. தெரியவும் வேணாம்."

அன்றிரவு சாந்தினி அட்டவணையைப் புரட்டினாள். அவன் அனுப்பிய எண்கள் எல்லாவற்றையும் அவள் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தாள். வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனவள் பாதியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எழுபத்திரெண்டு, நூற்றிரண்டு. எழுபத்து நான்கு, நூற்று நான்கு. எழுபத்து மூன்று, நூற்று மூன்று. ஒவ்வொரு நாளும் சரியாக முப்பது கூடியிருந்தது. ஒரு நாள்கூட இருபத்தொன்பது இல்லை, முப்பத்தொன்று இல்லை.

உயிருள்ள உடம்பு இப்படி ஒழுங்காக நடந்துகொள்ளாது. கயிற்றைத் தொடாமலே வீட்டில் உட்கார்ந்து அட்டவணையை நிரப்பிக்கொண்டு வரும் பிள்ளைகளை அவள் ஆறு வருடமாகத் திருத்திக்கொண்டிருக்கிறாள். அவளிடமா இந்த வேலை?

ஞாயிற்றுக்கிழமை குளுவாங் ரயில் நிலையத்தின் பக்கத்துக் கோப்பிக்கடைக்கு அவனை வரச் சொன்னாள். முதல் முறையாகத் தனியாகச் சந்திக்கிறார்கள். அவன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். இரண்டு கோப்பிக்கும் ரொட்டிக்கும் சொல்லிவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் சாந்தினி புத்தகத்தைத் திறந்து வைத்தாள்.

"இதுல எது நெசம்?"

அவன் பார்த்தான். முகம் மெல்ல இறங்கியது. "மொத நாள் நெசம்."

"மத்ததெல்லாம்?"

"எண்ண முடியல டீச்சர். எண்ணும்போதே விட்டுவிட்டுப் போகுது. எத்தனைன்னு அனுப்பறது? அன்னைக்கு லேட்டா அனுப்பினேனே... பேட்டரி போகல. ஏணியில ஏறும்போது கண்ணு இருட்டிருச்சு. கம்பியப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னேன். யாருக்கும் தெரியாது."

சாந்தினி புத்தகத்தை மூடினாள். கோப்பிக் கோப்பையைத் தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கு ஏன் பொய் சொன்னீங்க?"

"நெசத்தச் சொன்னா நீங்க பயந்து போயிடுவீங்க. போயிட்டா காலையில நான் யாருக்கு அனுப்பறது?"

அந்த வார்த்தைக்கு அவள் இன்னொரு நாளாக இருந்தால் உருகியிருப்பாள். அன்று பயம்தான் முந்திக்கொண்டது. "நாளைக்கே ஹாஸ்பிட்டலுக்குப் போங்க. இல்லன்னா இனிமே எனக்கு எதுவும் அனுப்பாதீங்க. கைய நீட்டுங்க, இப்ப பார்க்கிறேன்."

அவன் கையை இழுத்துக்கொண்டான். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் ஒண்ணும் உங்க வகுப்புச் சோதனை இல்ல டீச்சர்," என்றான் தணிந்த குரலில். "உங்களுக்கு என்னதான் வேணும்? நான் நல்லா இருக்கணுமா? இல்ல, உங்க அப்பாகிட்ட சொல்லாம விட்டத என்கிட்ட சொல்லித் தீர்த்துக்கணுமா?"

சாந்தினி எழுந்துவிட்டாள். ரொட்டி அப்போதுதான் வந்தது. யாரும் சாப்பிடவில்லை.

பத்து நாள் ஆயிற்று. ஆறரை மணி வரும், போகும். செய்தி இல்லை. கோபம் மூன்று நாளில் கரைந்துவிட்டது. அதற்குப் பிறகு மிச்சம் இருந்ததெல்லாம் பயம்தான். ஆசிரியர் அறையில் யாருடைய கைப்பேசியாவது அலறினால் திடுக்கிட்டாள். அவன் அக்காள் மகள் பள்ளிக்கு வந்திருக்கிறாளா என்று தினமும் காலையில் முதலில் பார்த்தாள். அவள் வந்து, சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால், அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். ஒரு நாளைத் தள்ள அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

அவன் கேட்டதும் அவளை விடவில்லை. உண்மையைச் சொன்னால், பாதி சரிதான். முதல் நாள் மழையில் அவள் ஓடியது அப்பாவுக்காகத்தான். ஆனால் யாரையும் நினைக்கவில்லை என்று ஒருவன் எழுதி அனுப்பியதை வகுப்பறையில் நின்று நினைத்து நினைத்துச் சிரித்தாளே, அது யாருக்காக? அப்பா அதில் எங்கே வந்தார்?

பதினோராம் நாள் செய்தி வந்தது. *செவ்வாய் காலை எட்டரை. பெரிய ஹாஸ்பிட்டல். மெஷின்ல ஓட விட்டுப் பார்ப்பாங்களாம். மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். அன்னைக்குப் பேசுனது தப்பு. பயமா இருக்கு டீச்சர்.*

செவ்வாய்க்கிழமை சாந்தினி விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பியபோது அம்மா வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அங்க என்ன சொல்லிடுவாங்களோன்னு எனக்கு இப்பவே கையும் ஓடல, காலும் ஓடல," என்றார். "நீ போயிதான் ஆகணுமா?"

"அவர் தனியா இருப்பாரும்மா."

செல்லம் கதவை விடவில்லை. சாந்தினி அம்மாவின் கையை மெதுவாக எடுத்துவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. காரில் ஏறிய பிறகு திரும்பிப் பார்த்தாள். அம்மா அங்கேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மருத்துவமனையின் நீண்ட நடையில் நாற்காலி வரிசையின் ஓரத்தில் ரூபேந்திரன் உட்கார்ந்திருந்தான். பிள்ளைகள் போடுவது மாதிரி வெள்ளைச் சப்பாத்து. அவளைப் பார்த்ததும் எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான். இரண்டு வாரத்தில் கன்னம் ஒட்டியிருந்தது.

"வருவீங்கன்னு நினைக்கல."

"நானும் நினைக்கல."

இரண்டு பேரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் இயந்திரம் ஓடும் சத்தம். யாரோ ஒருவரின் காலடி தட் தட்டென்று விழுந்துகொண்டிருந்தது. சாந்தினி அந்தக் காலடி நின்றுவிடுமோ என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்," என்றாள்.

"வந்ததுக்கு அப்புறம் சொல்லுங்களேன்."

"இல்ல. அப்புறம் சொன்னா டாக்டர் சொன்னதப் பொறுத்துச் சொன்ன மாதிரி ஆயிடும். ஒண்ணும் இல்லன்னு வந்தா, அதனாலதான் சரின்னேன்னு நினைப்பீங்க. ஏதாச்சும் இருக்குன்னு வந்தா, பாவம் பார்த்துச் சொன்னேன்னு நினைப்பீங்க. ரெண்டும் எனக்கு வேணாம். நான் சொல்றது அந்த மெஷின் சொல்றத வச்சு மாறக் கூடாது." அவன் பக்கம் திரும்பினாள். "எனக்கு உங்கள பிடிச்சிருக்கு. ரொம்ப. பயமும் இருக்கு. அது எப்பவாச்சும் போகும்னு தோணல. அதையும் வச்சுக்கிட்டுத்தான் சொல்றேன்."

அவன் வாயைத் திறந்தான். அதே சமயம் கதவும் திறந்தது. "ரூபேந்திரன்," என்று உள்ளிருந்து கூப்பிட்டார்கள். அவன் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனான்.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. தாதி வெளியே வந்து நடையை ஒரு பார்வை பார்த்தார். சாந்தினி எழுந்த வேகத்தில் நாற்காலி சுவரில் இடித்தது.

"இவர் கூட வந்தது யாரு?"

"நான்தான்... என்ன ஆச்சு?"

"இன்னும் ஒண்ணும் ஆகலம்மா. சும்மா படுத்திருக்கும்போதே நாடி நூத்திப் பதினெட்டுல நிக்குது. இந்த நெலமையில எப்படி ஓட விடறது? கொஞ்ச நேரம் வெளிய உட்காரட்டும்." தாதி அவளை மேலும் கீழும் பார்த்தார். "என்ன சொல்லி அனுப்புனீங்க அவர்கிட்ட? நீங்க அவருக்கு என்ன வேணும்?"

தாதிக்குப் பின்னால், சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல், ஒட்டிய வயர் நுனிகளோடு ரூபேந்திரன் வந்து நின்றான்.

"கட்டிக்கப் போறவ," என்றாள் சாந்தினி.

"நல்லா நேரம் பார்த்தீங்க லா," என்று தாதி தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போனார்.

அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சற்று நேரம் இருவருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கவும் முடியவில்லை. சிரித்து முடித்தபோது அவன் கண் கலங்கியிருந்தது.

"கிரேன் போனா போகட்டும்," என்றான். "கீழ நின்னு சங்கிலி மாட்டற வேலை தர்றேன்னு மேனேஜர் சொல்லியிருக்காரு. வெக்கமாத்தான் இருக்கும். பரவால்ல. சாந்தினி... உன்ன எனக்கு எவ்வளவு பிடிக்கும்னு நல்லபடியா சொல்லத் தெரியல. ஒண்ணு மட்டும் சொல்றேன். உள்ளயிருந்து வந்ததும் அவங்க என்ன சொன்னாங்களோ, அதை அப்படியே உன்கிட்ட சொல்வேன். கெட்ட நம்பரா இருந்தாலும் சொல்வேன். இனிமே எந்த நாளும் உன்கிட்ட நல்ல நம்பர் எழுத மாட்டேன். நெச நம்பர்தான்."

அவள் தலையசைத்தாள்.

பத்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள். அவன் எழுந்து போனான், கதவு மூடிக்கொண்டது. இயந்திரம் ஓடத் தொடங்கியது. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக அவன் காலடிச் சத்தம் கேட்டது. சாந்தினிக்குப் பயம் கொஞ்சமும் குறையவில்லை. அவள் காதைப் பொத்திக்கொள்ளாமல், எழுந்து போகாமல், இயந்திரத்தின் வேகம் குறைந்து கடைசி அடி விழும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள்.